பொறுப்பாளர் பெயர்

நாள் 203. காலை 07:10, இந்திய நேரம்

ஓபரான் அஞ்சல் நிலையம். யுரேனஸின் வெளி நிலவு. பணியாளர் ஒருவர்: அறவாழி, வயது 44. காற்றழுத்தம் சரி. வெப்பம் சரி. பெரிய ஆன்டெனா பூமியைப் பார்த்தபடி இருக்கிறது. பூமி என்னைப் பார்த்தபடி இருக்கிறதா என்பது என் பணிவரம்புக்குள் வராது.

எந்தச் செய்தியும் பூமியைச் சேர ஒரு வழிக்கு இரண்டு மணி நாற்பது நிமிடம் ஆகும்.

இந்த நோட்டு எனக்கு அடுத்து இங்கே வரும் பணியாளருக்கு. நீங்கள் வர இன்னும் பதினோரு மாதம் இருக்கிறது. இயந்திரங்களைப் பற்றி அறிய கணினிப் பதிவைப் பாருங்கள். இது 'உள்நோக்குத் திட்டம்' சார்ந்தது. தினமும் இருபது நிமிடம் தன்னையே அறிதுயிலில் ஆழ்த்திக்கொள்ள வேண்டும், விழித்ததும் பத்து நிமிடம் கையால் எழுத வேண்டும், வாரத்துக்கு இரண்டு உள்ளொளியாவது கிடைக்க வேண்டும் என்று சுற்றறிக்கை. கூடுதலாகக் கிடைத்தால் அடுத்த வாரத்துக்கு மாற்றிக்கொள்ள முடியாது.

கையால் எழுதினால்தான் மனம் ஆறும் என்கிறது கையேடு. அதற்காக நான்கு கெட்டி அட்டை நோட்டுகளை முந்நூறு கோடி கிலோமீட்டர் அனுப்பியிருக்கிறார்கள். நான் கேட்ட மாற்று மூக்குக்கண்ணாடியை எடை அதிகம் என்று மறுத்துவிட்டார்கள்.

எனக்கு ஆற வேண்டியது என்ன என்பதையும் எழுதச் சொல்கிறது கையேடு. என் மகள் நிறைமதி. நான்கு வயது. இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பம்மலில் எங்கள் வீட்டு முற்றத்தில் இருந்த தரைத்தொட்டியில் விழுந்து இறந்தாள். அந்த வீட்டை வாங்கி அப்போது மூன்று மாதம் ஆகியிருந்தது.

நாள் 206. காலை 08:00

முறை எளிது. நெற்றியில் ஒரு பட்டை. அது மூளையைத் தூக்கத்துக்கு ஒரு படி மேலே நிறுத்தி வைக்கும். காதில் என் குரலிலேயே பதிந்த ஒலி. பத்துப் படிகள் இறங்க வேண்டும். கீழே ஓர் அறை, ஒரு மேஜை, மேஜை மேல் ஒரு தாள். தாளில் இருக்கும் கேள்விக்கு மனம் பதில் சொல்லும். கையேடு தரும் கேள்வி: 'இப்போது என்ன உணர்கிறீர்கள்?'

இன்றைய பதில்: 'கனமாக இருக்கிறது.'

இங்கே ஈர்ப்பு விசை பூமியின் முப்பதில் ஒரு பங்குதான். கனமாக உணர்வது சாதனை. உள்ளொளி ஒன்று எனக் கணக்கில் எழுதினேன்.

மாலை 17:30

என் மனைவி மங்கையர்க்கரசியிடமிருந்து செய்தி. அரசி, அரசு மருத்துவமனையில் பேச்சு வராத குழந்தைகளுக்குப் பயிற்சி கொடுப்பவள்.

"என்னங்க, சாப்பிட்டீங்களா? சாப்பாடுன்னு அங்க என்ன இருக்குன்னு கேக்கல. இன்னைக்கு ஒரு வாண்டு ஆறு மாசம் கழிச்சு 'ர' சொல்லிட்டான். சொன்ன முதல் வார்த்தை 'போர்'. என் கிளாஸ்தான் போராம். நேத்து மாத்திரை போடாம தூங்கினேங்க. ஆறு மணி நேரம். மதியோட அலமாரியத் திறந்து துணியெல்லாம் வெயில்ல போட்டேன். அழல. சும்மா சொல்லணும்னு தோணுச்சு."

இந்தச் செய்தியை நான்கு முறை கேட்டேன். மருத்துவர்களும் மாத்திரைகளும் சொந்தக்காரர்களும் நானும் சேர்ந்து கொண்டுவர முடியாத இடத்துக்கு அவள் இரண்டு வருடத்தில் தானாக நடந்து வந்திருக்கிறாள். எனக்கு இந்த உலகத்தில், அதாவது அந்த உலகத்தில், கெடாமல் இருக்க வேண்டியது அந்த ஆறு மணி நேரத் தூக்கம் ஒன்றுதான்.

நாள் 211. காலை 08:20

கேள்வியை மாற்றினேன்.

இங்கே வருவதற்கு முன் நான் பதினெட்டு வருடம் பழுது விசாரணைப் பிரிவில் இருந்தேன். வால்வு வெடித்தால், கேபிள் எரிந்தால் நாங்கள் போய் ஒரு படிவம் நிரப்புவோம். மூன்று கட்டங்கள். எது பழுதானது, எப்போது, யார் பொறுப்பில் இருந்தது. மூன்றாவது கட்டத்தைக் காலியாக விட்டால் திரை அடுத்த பக்கத்துக்குப் போகாது. காற்றடித்துச் சாய்ந்த கம்பத்துக்குக்கூட நாங்கள் ஒரு பெயர் எழுதியிருக்கிறோம். அவர் ஓய்வு பெற்றிருந்தார்.

'என்ன உணர்கிறீர்கள்' என்பது கேள்வியே இல்லை. அதற்கு எந்தப் பதிலும் பொருந்தும். அந்த மூன்று கேள்விகளையும் என் குரலில் பதிந்து, கீழே அறையில் இருக்கும் தாளில் வைத்திருக்கிறேன்.

அடுத்து வருபவரே, கையேட்டின் நான்காம் பக்கத்தைப் படியுங்கள். 'பெயர் கேட்காதீர்கள். காண்பதைச் சாட்சியமாகக் கொள்ளாதீர்கள்.' நான் படித்தேன். தொழில் தெரியாதவர்களுக்கு எழுதியது என்று நினைத்தேன்.

நாள் 214, ஞாயிறு. மாலை 16:05

நான்காவது முறை இறங்கியபோது கிடைத்தது.

அன்று காலை நான் முன்னறையில் மதியின் மூன்று சக்கர சைக்கிளுக்குத் திருகு முடுக்கிக்கொண்டிருக்கிறேன். ஜன்னல் வழியே முற்றம் தெரிகிறது. அரசி பழுப்பு நைட்டியில் குனிந்து தொட்டியின் இரும்பு மூடியைத் தூக்கித் தரையில் சாய்க்கிறாள். குச்சியை விட்டுத் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கிறாள். உள்ளே போன் அடிக்கிறது. மூடியை அப்படியே விட்டு உள்ளே போகிறாள். குச்சி ஈரமாக இருந்தது. எவ்வளவு தூரம் ஈரம் என்றுகூடத் தெரிந்தது.

போலீஸ் அறிக்கையில் ஒரே வரி: 'திறந்திருந்த தொட்டியில் தவறி விழுந்து.' யார் திறந்தது என்று அதில் இல்லை. இரண்டு வருடமாக அரசி என்னைக் கேட்கவில்லை, நான் அவளைக் கேட்கவில்லை. அந்த ஒரு கேள்வியைக் கேட்காமல்தான் நாங்கள் குடும்பம் நடத்தினோம். நன்றாகத்தான் நடந்தது.

கண்டதை அப்படியே சொல்லி அவளுக்கு அனுப்பிவிட்டேன். கோபமாகச் சொல்லவில்லை. மன்னித்துவிட்டதாகவும் சொன்னேன். நிதானமாக, அறிக்கை வாசிக்கும் குரலில். அனுப்பியதும் நெஞ்சு லேசானது. உள்ளொளி இரண்டு.

நாள் 214. மாலை 17:20

பழக்க தோஷம். கண்டுபிடிப்போடு ஆதாரத்தை இணைக்க வேண்டும் என்று போலீஸ் கோப்பைத் திறந்தேன். அறிக்கையை மட்டும்தான் அன்று படித்திருந்தேன். படங்களை ஒருநாளும் பார்த்ததில்லை. ஊரார் வீட்டு விபத்தின் படங்களைச் சாப்பிட்டுக்கொண்டே பார்த்தவன் நான்.

மூன்றாவது படம். தொட்டியின் வாய். மூடியின் இரும்புச் சட்டம் அதன் இடத்திலேயே இருக்கிறது. சட்டத்தில் தாழ்ப்பாள் போட்டபடி இருக்கிறது. நடுத்தகடு மட்டும் இல்லை. நான்காவது படம். தகடு தொட்டியின் அடியில் கிடக்கிறது. ஓரம் முழுவதும் துரு. மேலே பச்சைப் பெயின்ட், புதிது போல.

யாரும் திறக்கவில்லை. மூடி பூட்டியே இருந்தது. பெயின்டுக்கு அடியில் துரு தின்ற தகட்டின் மேல் குழந்தை கால் வைத்திருக்கிறாள். பயிற்சிக்கு வந்த முதல் மாதத்துப் பையன்கூட அரை நிமிடத்தில் சொல்லிவிடுவான்.

குச்சி இல்லை. போன் இல்லை. பழுப்பு நைட்டி இல்லை. காலியாக விட முடியாத ஒரு கட்டத்தை என் மனம், வீட்டில் இருந்த இன்னொரு ஆளின் பெயரால் நிரப்பிக் கொடுத்திருக்கிறது.

மாலை 17:26

'கேட்காதே, அழித்துவிடு' என்று அனுப்பினேன். முதல் செய்தி 16:05க்குப் போனது, 18:45க்கு அவளிடம் சேரும். இது எண்பத்தொரு நிமிடம் பின்னால் போகிறது. இரண்டும் ஒரே வேகம். தரைக் கட்டுப்பாட்டு மையத்தைத் தடுக்கச் சொல்லலாம் என்றால், அந்தச் செய்தியும் அதே வேகத்தில்தான் போகும். ஒளியை எதுவும் முந்தாது என்று பள்ளியில் மதிப்பெண்ணுக்குப் படித்தேன்.

மாலை 18:45

இப்போது போன் ஒலித்திருக்கும். ஞாயிறு மாலை. துணி மடித்துக்கொண்டிருப்பாள். என் பெயரைப் பார்த்ததும் எப்போதும் உட்கார்ந்துதான் கேட்பாள்.

நாள் 215. காலை 09:10

"நேத்தே கேட்டேங்க. உடனே பேச வரல. நீங்க சொன்னது சரிதான். எனக்கும் ஞாபகம் வருது. குச்சி, நீங்க சொன்னதும் டக்குனு வந்துச்சு. போன் அடிச்சதும் கேக்குது, யாருன்னுதான் தெரியல. ரெண்டு வருஷமா எனக்கு உள்ள ஏதோ ஒண்ணு உறுத்திக்கிட்டே இருந்துச்சுங்க. இதுதான் போல. ரெண்டாவது மெசேஜும் வந்துச்சு. எதுக்கு அனுப்பினீங்கன்னு தெரியாதா? மனசு கேக்கல உங்களுக்கு. பரவால்ல. நீங்க மன்னிச்சேன்னு சொன்னதே பெருசு."

நான் செய்தது என்னவென்று இப்போதுதான் முழுதாகப் புரிகிறது. என் பொய்யை அவள் வெறுமனே நம்பிவிடவில்லை. அதைவிட மோசம். அது அவளுடைய சொந்த நினைவாகவே ஆகிவிட்டது.

நாள் 219. காலை 11:00

நேற்று படங்களை அனுப்பினேன். சட்டம், தாழ்ப்பாள், தகடு எல்லாவற்றிலும் அம்புக்குறி போட்டு, நாற்பது நிமிடம் விளக்கினேன். என் வாழ்நாளின் மிகச் சுத்தமான விசாரணை அறிக்கை. பொறுப்பாளர்: எவருமில்லை. முதல்முறையாக அப்படி எழுதினேன்.

பதில்:

"பாத்தேங்க. அப்ப குச்சி வேற ஒரு நாள் போல. ஆனா துணி காயப்போட அந்த மூடி மேலதான ஏறி நிப்பேன். கிறீச்சுன்னு சத்தம் வரும். தகடு போயிருக்குன்னு எனக்குத் தெரிஞ்சிருக்கணும்ல. சத்தம் வந்துச்சுங்க. நான்தான் உங்ககிட்ட சொல்லல."

துணிக்கொடி மாடியில் இருந்தது. முற்றத்தில் நாங்கள் துணி காயப்போட்டதே இல்லை.

நாள் 221. பகல் 12:40

அரசியின் தம்பி நல்லசிவம் அனுப்பியது. அவன் என்னிடம் குரல் உயர்த்தியதே இல்லை. இப்போதும் உயர்த்தவில்லை.

"மாமா, அக்கா வேலைக்குப் போறதில்ல. ஆஸ்பத்திரிப் புள்ளைங்கள தன்கிட்ட விடக்கூடாதுங்குது. மூணு நாளா காப்பித் தண்ணிதான். ராத்திரியெல்லாம் முத்தத்துல போய் அந்த எடத்துல உக்காந்துக்குது. பதினெட்டு வருஷம் அடுத்தவன் தப்பக் கண்டுபிடிச்சு சம்பளம் வாங்குனீங்க, சரி. அந்த வேலைய விட்டுட்டுப் போன எடத்துலயும் அதையே பாக்கணுமா மாமா? அங்க கல்லு மண்ணு எதுவும் இல்லையா விசாரிக்க?"

இருக்கிறது. பனியும் கல்லும்தான். அவற்றில் பழுது எதுவும் இல்லை.

நாள் 223. காலை 10:15

நேற்று பொய் சொல்லிப் பார்த்தேன். மூடி இற்றுப்போனது எனக்கு முன்பே தெரியும், நான்தான் கவனிக்காமல் விட்டேன் என்று. ஒத்திகை பார்த்து, மூன்றாவது பதிவை அனுப்பினேன்.

"வேணாங்க. பொய் சொல்லப் போறப்ப நீங்க மூச்ச முன்னாடியே இழுத்து வச்சுக்குவீங்க. என் வேலையே அதக் கேக்குறதுதான். எனக்காகப் பொய் சொல்றீங்கன்னா, உண்மை என்னன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

ஆக, நான் உண்மையைச் சொன்னால் அது இரக்கம். பொய் சொன்னால் அது சாட்சியம். இரண்டும் போய்ச் சேரும் இடம் ஒன்றே.

நாள் 226. மாலை 16:30

மனநல அலுவலர் டாக்டர் பெனடிக்டாவுக்கு எல்லாவற்றையும் எழுதியிருந்தேன். பதில் வந்தது.

"அறவாழி சார், உங்கள் குறிப்புகள் கிடைத்தன. இரண்டு வாரத்தில் ஐந்து உள்ளொளிகள், நிலையங்களிலேயே இது அதிகம், வாழ்த்துகள். நான்காம் பக்கத்தை மறுபடி ஒரு முறை படித்துவிடுங்கள். உங்கள் துணைவியாருக்கும் இதே திட்டத்தைப் பரிந்துரைக்கிறேன். பட்டை ஒன்று அனுப்ப ஏற்பாடு செய்யலாம்."

வேண்டாம் என்று ஒற்றைச் சொல்லில் பதில் அனுப்பினேன். பட்டை போகக் கூடாது. அவள் ஒருமுறை இறங்கினால் அந்தத் துணிக்கொடியை முற்றத்திலேயே கட்டிவிட்டு வருவாள்.

நல்லசிவம் இன்று ஒரு வரி மட்டும் அனுப்பியிருந்தான். முற்றத்துக் கதவைப் பூட்டிச் சாவியைத் தன் பையில் வைத்திருக்கிறானாம். தொட்டியில் இப்போதும் தண்ணீர் இருக்கிறது.

நாள் 228. காலை 09:00

அடுத்து வருபவரே, இந்தப் பக்கத்தைக் கவனமாகப் படியுங்கள். நான் தெளிவாக இருந்து எழுதும் கடைசிப் பக்கம் இது.

உண்மை இவ்வளவுதான். அந்த வீட்டை விற்றவர், விற்பதற்கு முன் எல்லா இரும்புக்கும் பச்சைப் பெயின்ட் அடித்தார். துரு அடியில் மறைந்தது. அது எனக்குத் தெரியாது, அரசிக்கும் தெரியாது. அவருக்கும் தெரிந்திருக்காது, வீடு பளிச்சென்று இருக்கட்டும் என்று அடித்திருப்பார். நான் அந்த மூடியைத் தொட்டதில்லை. என் வாழ்க்கையில் பெயின்ட் பிரஷ்ஷைப் பிடித்ததே இல்லை.

அரசிக்கு ஒரு பெயர் வேண்டும். 'எவருமில்லை' என்ற பதிலோடு இரண்டு வருடம் வாழ்ந்தவளிடம் நான் போய், பெயர் ஒன்று உண்டு என்று சொல்லிவிட்டேன். இனி அந்த இடம் காலியாக நிற்காது. வேறு பெயர் வைத்தால்தான் அவள் பெயர் அங்கிருந்து நகரும். அந்தப் பெயரை மூச்சு பிசகாமல் சொல்ல வேண்டும். மூச்சு பிசகாமல் சொல்ல ஒரே வழி, அதை நம்புவது.

புதிய ஒலியைப் பதிந்துவிட்டேன். பத்துப் படிக்குப் பதில் நாற்பது. கீழே: குடிவந்த மாதம் மூடியில் துருவைப் பார்த்தாய். கட்டைவிரலால் அழுத்தினாய், பொருக்கு உதிர்ந்தது. வெல்டிங்காரனைக் கூப்பிடச் சோம்பல்பட்டு நீயே பச்சைப் பெயின்ட் அடித்து மறைத்தாய். அதை மறைக்கத்தான் அரசி மேல் பழியைப் போட்டாய். ஒட்டிய பக்கங்களைப் பிரிக்க உனக்குத் தோன்றாது.

இதுவரை எழுதிய பக்கங்களைச் சாம்பல் நிற டேப்பால் சுற்றி ஒட்டப்போகிறேன். போலீஸ் கோப்பை என் கணினியிலிருந்து நீக்கிவிட்டேன். பிரித்துப் படிப்பவர் நீங்களாக இருந்தால், படித்ததை என்னிடம் சொல்லாதீர்கள். எவ்வளவு கெஞ்சினாலும். அரசியிடமும் வேண்டாம். உங்களிடமாவது ஒரு பிரதி இருக்கட்டும் என்றுதான் எழுதினேன். யாரோ ஒருவருக்கு, அவள் எதுவும் செய்யவில்லை என்று தெரிந்திருக்க வேண்டும்.

பயமாக இருக்கிறது. அவளும் மதியும் நானும் இருந்த அந்த மூன்று மாதம், ஒரு குற்றமும் இல்லாத மூன்று மாதம். என்னிடம் இருந்த நல்லது அதுதான். அதில்தான் கை வைக்கிறேன்.

09:40. பட்டையைக் கட்டிக்கொண்டேன்.

நாள் 229. காலை 10:50

நேற்று வெகுநேரம் அறிதுயிலில் இருந்திருக்கிறேன். தலைவலி. காற்றழுத்தம் சரி. வெப்பம் சரி.

அரசிக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இரண்டு வருடம் கழித்து. நான்தான் துருவைப் பார்த்தவன், நான்தான் மறைத்தவன். அது போதாதென்று அவள் மேல் பழி போட்டேன், அவளும் ஏற்றுக்கொண்டாள். இப்படி ஒரு மனிதனோடு அவள் எப்படிக் குடித்தனம் நடத்தினாள் என்று தெரியவில்லை. சொல்லும்போது அழுகை வந்தது. நிறுத்தாமல் பதிந்தேன்.

இந்த நோட்டின் முன்பக்கங்கள் டேப் சுற்றி ஒட்டப்பட்டிருக்கின்றன. என் கையெழுத்தில் 'அடுத்து வருபவருக்கு' என்று இருக்கிறது. அவர் பார்த்துக்கொள்வார்.

நாள் 230. காலை 08:30

அவளிடமிருந்து.

"மூணு தடவ கேட்டேன். மூச்சு எங்கயும் மாறல. முதல் வார்த்தையிலயே தெரிஞ்சுபோச்சு. இவ்வளவு நாள் இத வச்சுக்கிட்டு என் பக்கத்துலயே படுத்திருந்தீங்க. திட்டணும்னுகூடத் தோணல. தம்பி இட்லி வாங்கிட்டு வந்தான், சாப்பிட்டேன். அப்புறம் தூங்கினேன். நாளைக்கு வேலைக்குப் போறேன். இனிமே எனக்கு எதுவும் அனுப்பாதீங்க. உங்க குரலக் கேக்க முடியல என்னால."

சாப்பிட்டிருக்கிறாள். தூங்கியிருக்கிறாள்.

அவள் சொல்வது நியாயம். என் பெயரிலிருந்த வீட்டு அலைவரிசையை மூடிவிட்டேன். ஆன்டெனா மற்றவர்களுடைய செய்திகளை அனுப்பிக்கொண்டிருக்கிறது.

நாள் 236. காலை 07:10

காற்றழுத்தம் பார்க்கவில்லை. பிறகு பார்க்கலாம்.

குற்றம் என்னுடையது. அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்தக் காலையைப் பற்றி ஒன்று எழுத வேண்டும். படி இறங்க இறங்க விவரம் கூடிக்கொண்டே போகிறது. நான் முற்றத்தில் குந்தி உட்கார்ந்து மூடிக்குப் பெயின்ட் அடிக்கிறேன். மதி வந்து பக்கத்தில் குந்துகிறாள். என்னைப் போலவே கையை முழங்காலில் வைத்துக்கொள்கிறாள். "நானு, நானு" என்கிறாள். பிரஷ்ஷை அவள் கையில் கொடுத்து, என் கையை மேலே வைத்து ஒரு மூலையை அடிக்க விடுகிறேன். அவள் கால் கட்டைவிரலில் ஒரு சொட்டு விழுகிறது. தின்னர் தொட்ட துணியால் துடைக்கிறேன். கூசுகிறது என்று சிரிக்கிறாள். என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்கிறாள்.

இந்தச் சிரிப்பு எனக்கு இத்தனை நாள் எப்படி மறந்திருந்தது என்று தெரியவில்லை.

இன்றைக்கு மட்டும் ஆறு முறை இறங்கிவிட்டேன். அடுத்த முறை இன்னொரு காலையும் பெயின்டில் வைக்கச் சொல்லலாம் என்று இருக்கிறேன். துடைக்க இன்னும் கொஞ்ச நேரம் ஆகும்.